உண்ணி ஒளிந்திருப்பது சுவரில்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒரு சிப்பிப்பாறை நாயும் ஒரு பூனையும் இருக்கின்றன. கோடை தொடங்கியதிலிருந்து நாயின் காது மடலிலும் விரலிடுக்குகளிலும் உண்ணிகள் மொய்க்கின்றன. கொல்லையில் மீன் விட்ட தாமரைத் தொட்டி இருப்பதால், ரசாயன மருந்தைத் தவிர்த்துத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவுகிறோம். பயனில்லை. வேறு இயற்கை வழி உண்டா?
- வாசகி, திருச்சி

பதில்: முதலில் கற்பூரத்தை நிறுத்திவிடுங்கள். அது தோல் வழியாகவும், நாய் தன்னை நக்கும்போது வாய் வழியாகவும் உள்ளே சென்று வலிப்பை உண்டாக்கக்கூடும். இத்தகைய பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகளில் சில பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு என்பதால், நாயை உரசிப் படுக்கும் பூனைக்கு ஆபத்து இன்னும் அதிகம். டீ ட்ரீ எண்ணெயும் இவ்வகையே. வேப்பெண்ணெய் உண்ணியை ஓரளவு விரட்டுமே தவிர ஒழிக்காது. அதையும் பூனை நக்கக் கூடாது. இயற்கையானதெல்லாம் தீங்கற்றதல்ல; நஞ்சான எட்டிக்காயும் மரத்தில்தான் காய்க்கிறது.

நாயின் மேல் நீங்கள் காண்பது மொத்த உண்ணிகளில் சிறு பங்குதான். நம் ஊர் நாய் உண்ணி குஞ்சு, இளம்பருவம், முதிர்பருவம் என ஒவ்வொரு நிலையிலும் ஒருமுறை இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, மேல்நோக்கி ஏறிச் சுவர் வெடிப்பிலும் கதவு நிலையின் சந்திலும் ஒளிந்துகொள்கிறது. அங்கேதான் பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. முதிர்ந்த உண்ணி உணவின்றிப் பல மாதங்கள் உயிரோடிருக்கும். ஆகவே சூழலுக்குக் கேடில்லாத வைத்தியம் கொத்தனார் வேலையிலிருந்து தொடங்குகிறது. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றியுள்ள வெடிப்புகளைச் சிமெண்டால் அடைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். படுக்கைச் சாக்கை வாரந்தோறும் கொதிநீரில் முக்கி வெயிலில் காயவிடுங்கள். நாட்டுக்கோழிகள் இருந்தால் தரையில் திரியும் உண்ணிகளைக் கொத்தித் தின்னும். சுவரேறிய உண்ணி அவற்றுக்கு எட்டாது.

உடலில் ஒட்டிய உண்ணியை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். விரலால் நசுக்குவதும், தீக்குச்சியால் சுடுவதும், மண்ணெண்ணெய் தடவுவதும் கூடாது.

இவ்வளவு செய்த பிறகும் மருந்து தேவைப்படலாம்; அதற்குத் தயங்க வேண்டாம். மீன்தொட்டியைப் பற்றிய உங்கள் கவலை நியாயமானதே. ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் போன்றவை கலந்து பிடரியில் சொட்டாக விடப்படும் மருந்துகள் குளிப்பாட்டும் நீரோடு வெளியேறி நீர்ப்பூச்சிகளைக் கொல்கின்றன. வாய் வழியாகத் தரும் மாத்திரை அப்படிக் கழுவி வெளியேறுவதில்லை என்பதால், உங்கள் வீட்டுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்யட்டும். நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பெர்மெத்ரின் உள்ள நாய் மருந்து எதையும் வாங்காதீர்கள், அது பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சல், உணவில் வெறுப்பு, ஈறு வெளுத்தல், மூக்கில் இரத்தக் கசிவு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அன்றே இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

கேள்வி: பூனை மலம் கழிக்கக் கடையில் விற்கும் மணலுக்குப் பதிலாக மரத்தூள் பயன்படுத்தி, பிறகு அதைக் கத்தரிச் செடிக்கு உரமாக இடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: கடை மணல் பெரும்பாலும் சுரங்கத்தில் வெட்டியெடுக்கும் களிமண்தான்; அதைவிட மரத்தூள் மேலானதே, ரசாயனம் ஏற்றாத மரத்தின் தூளாக, பொடி பறக்காததாகப் பார்த்து வாங்குங்கள். காய்கறிச் செடிக்கு மட்டும் இடாதீர்கள். பூனைக் கழிவில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அது வெளியே வந்து ஒன்றிரண்டு நாள்களுக்குப் பின்னரே தொற்றும் தன்மை பெறுவதால், கழிவைத் தினமும் அகற்றுங்கள்; கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். பூனை கழிக்கும் தட்டைப் பினாயிலால் கழுவுவது பூனைக்கு நஞ்சாகும். சோப்பும் வெந்நீரும் போதும்.