குளியலறைக் கண்ணாடியில் ஒரு துண்டு

மேடம், எனக்கு 33 வயது. கல்யாணமாகி ஏழு வருஷம். இரண்டாவது ஐவிஎஃப்-இல்தான் தங்கியது. இப்போது 22-ஆவது வாரம். ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது, நான்தான் நன்றாக இல்லை. என் உயரம் 160 செ.மீ. சிகிச்சைக்கு முன் 54 கிலோ இருந்தேன். கரு வைத்த அன்று 58, இப்போது 63. தொப்புளைச் சுற்றி, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஹெப்பாரின் ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிக் கிடக்கிறது. இடுப்பில், கர்ப்பம் தங்கப் போட்ட புரோஜெஸ்டிரான் ஹார்மோன் ஊசிக் கட்டி இன்னும் கரையவில்லை. கழுத்தும் கறுத்துவிட்டது. கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டுத்தான் குளிக்கிறேன். செக்கப்புக்கு முந்தின ராத்திரி சாப்பிடுவதில்லை, காலையில் வெறும் காபி. எடை குறைவாகக் காட்டட்டும் என்றுதான். மாமியார் வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் “ரெட்டைப் புள்ளையா?” என்கிறார்கள். கணவரிடம் சொன்னால், “இதுக்குத்தானே இவ்வளவு கஷ்டப்பட்டோம்?” என்கிறார். வளைகாப்பு போட்டோவை நினைத்தாலே அழுகை வருகிறது. கோயில் கோயிலாகப் போய்க் கேட்டு வாங்கிய பிள்ளை. இப்படி நினைப்பது பாவமா?
— ஈரோடு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பாவம் இல்லை. பிள்ளை வேண்டும் என்பது ஒரு ஆசை, உடம்பு கைவிட்டுப் போகிறதே என்பது வேறொரு துக்கம். இரண்டும் ஒரே மனதில் இருக்கும். சந்தோஷமாக இருந்தே ஆகவேண்டும் என்று உங்களை நீங்களே மிரட்டுவதுதான் அந்தத் துக்கத்தை இரட்டிப்பாக்குகிறது.

முதலில் நிறுத்த வேண்டியது பட்டினி. கர்ப்பத்தில் நீண்ட நேரம் வயிறு காய்ந்தால் சர்க்கரை சீக்கிரம் இறங்கி, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப்பொருளை உண்டாக்க ஆரம்பிக்கும். மயக்கமும் குமட்டலும் வரும். டாக்டர் நம்பியிருக்கும் எடைக் கணக்கும் பொய்யாகிவிடும். சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கமும் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எடை மெஷினில் எண்ணைப் பார்க்காமல் திரும்பி நிற்கலாம். “சத்தமாகச் சொல்லாம ஃபைல்ல எழுதிடுங்க சிஸ்டர்” என்று நர்ஸிடம் கேட்கலாம். வீட்டு மெஷினைப் பரண்மேல் ஏற்றிவிடுங்கள்.

எண்களையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடலாம். கர்ப்பத்தின் கணக்கு 58-இல் தொடங்குகிறது, 54-இல் அல்ல. அந்த நாலு கிலோவில் ஊசிகளால் தேங்கும் நீர், புரோஜெஸ்டிரான் குடலை மந்தமாக்குவதால் வரும் உப்புசம் எல்லாம் கலந்திருக்கும். அதன்பின் ஏறியது 5 கிலோ. உங்கள் உயரத்துக்கு 58 கிலோ இயல்பான எடை. அப்படிப்பட்டவர்களுக்குப் பிரசவம்வரை 11.5 முதல் 16 கிலோ ஏறலாம் என்பது வழிகாட்டு அளவு. அந்தப் பாதையில்தான் இருக்கிறீர்கள். நிறைமாதத்தில் குழந்தை ஏறக்குறைய 3 கிலோ, நஞ்சுக்கொடி முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய, பனிக்குட நீரும் கர்ப்பப்பையும் கிட்டத்தட்ட ஒவ்வொரு கிலோ, கூடுதல் ரத்தம் ஒன்றேகால் கிலோவுக்கு மேல், மார்பு அரை கிலோ, உடம்பில் தங்கும் நீர் ஒன்றரை கிலோ. மிச்சமுள்ள சுமார் மூன்று கிலோ கொழுப்பு, பால் கொடுக்கும் மாதங்களுக்காக உடம்பு சேர்த்துவைக்கும் இருப்பு.

கணக்கு சரியாக இருந்தும் மனசு ஏன் ஆறவில்லை? ஏழு வருஷமாக உங்கள் உடம்பு ஒரு ரிப்போர்ட்டாகத்தான் இருந்திருக்கிறது. முட்டைப்பை 18 மி.மீ. வந்ததா, கர்ப்பப்பைச் சுவர் 8 மி.மீ. ஆனதா, கர்ப்பத்தைக் காட்டும் பீட்டா எச்சிஜி ரத்தத்தில் ஏறியதா என்று ஒவ்வொரு ஸ்கேனும் டெஸ்ட்டும் ஒரு பரீட்சை. தங்கியபிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது எடை மெஷின் வினாத்தாள் நீட்டுகிறது, அவ்வளவுதான்.

கண்ணாடித் துண்டை ஒரே நாளில் எடுக்க வேண்டாம். முதல் வாரம் தோள்வரை தெரியும்படி இறக்குங்கள். குளித்தபின் இரண்டு நிமிஷம் பார்த்து, தெரிவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: நிறம், வடிவம், அளவு மட்டும். அடுத்த வாரம் மார்புவரை, பிறகு வயிறு. “தொப்புளுக்கு இடப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்குப் பச்சை, ஓரத்தில் மஞ்சள்” என்பது பார்ப்பது. “அசிங்கம்” என்பது தீர்ப்பு. தீர்ப்பு வாயில் வந்தால் வாக்கியத்தைத் திருத்திச் சொல்லுங்கள். படபடப்பு வந்தால் அதே உயரத்தில் இன்னும் சில நாள் இருங்கள். பச்சையும் மஞ்சளும் கன்றல் ஆறுவதன் அடையாளம்.

கன்றல் குறைய, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காதீர்கள், பக்கம் மாற்றிப் போடுங்கள், தொப்புளிலிருந்து 5 செ.மீ. தள்ளியே குத்துங்கள். இடுப்புக் கட்டிக்கு வெதுவெதுப்பான ஒத்தடம் போதும். சிவந்து சூடாக வலித்தால் காட்ட வேண்டும். கழுத்துக் கறுப்பு கர்ப்பத்தாலும் வரும், இன்சுலின் சரியாக வேலை செய்யாததாலும் வரும். கர்ப்பகாலச் சர்க்கரைக்கான 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். எலுமிச்சை தேய்ப்பதும் வெளுக்கும் கிரீமும் வேண்டாம். வயிற்று வரிகளை எந்த எண்ணெயும் தடுப்பதாக உறுதியாகவில்லை. பின்னால் மங்கும், முழுக்க மறையாது.

கணவரிடம் “பதில் வேண்டாம், பத்து நிமிஷம் கேளுங்க” என்று தொடங்குங்கள். ரெட்டைப் புள்ளைப் பேச்சுக்குப் பதில் சொல்வது அவர் வேலை: “டாக்டர் எடை சரியா இருக்குன்னுட்டாங்கம்மா.” வளைகாப்பு ஜாக்கெட்டை இரண்டு வாரம் முன்பே போட்டுப் பார்த்து, பக்கத் தையலைப் பிரித்துவிடச் சொல்லுங்கள். வளையலை ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள். எந்த போட்டோ வேண்டாம் என்பதை முன்னாலேயே சொல்லிவிடலாம். முகமும் கையும் திடீரென வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் உண்டு, கடந்த 7 நாள் மனநிலையைக் கேட்கும். செக்கப்பில் கேட்டு வாங்குங்கள். 13-ஓ அதற்கு மேலோ வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் டாக்டர் மேற்பார்வையில் எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. பத்தாவது கேள்வி தன்னைக் காயப்படுத்தும் எண்ணம் பற்றியது. அதற்கு “ஆம்” என்றால் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே போக வேண்டும். ராத்திரியில் தாங்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இலவசம், தமிழில் பேசலாம்.

அடுத்த செக்கப் அன்று இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பட்டினி கிடந்ததை வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தையே ஃபைலில் முதல் பக்கமாக வைத்து டாக்டரிடம் நீட்டிவிடுங்கள்.