லேத் பட்டறைக் கடனில் இரண்டு தவணை நின்றுவிட்டது, என்ன செய்வது?

கேள்வி: கொடுங்கையூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். வேலைக்கு நான்கு பேர். ஆறு மாதமாக ஆர்டர் பாதிகூட இல்லை. பேங்கில் 6 லட்சம் கடன். இரண்டு தவணை கட்டவில்லை. "கொரோனா காலத்துக் கடன் இன்னும் இருக்கிறது, எம்எஸ்எம்இ சான்றிதழோடு முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் 12,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் திரும்பக் கேளுங்கள். அவர் சொல்லும் அவசரக் கடன் திட்டம் 2020-இல் வந்தது, 2023 மார்ச் 31-ஓடு முடிந்தது. முடிந்துபோன திட்டத்தை விற்றுக்கொண்டிருக்கிறார்.

அந்த எம்எஸ்எம்இ சான்றிதழ் என்பது உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் நீங்களே செய்யலாம், கட்டணமே கிடையாது. ஆனால் தேடினால் அரசுத் தளம் மாதிரியே ஜோடித்த தனியார் தளங்களும் வரும். பணம் கட்டச் சொன்னால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். ஒருவர் 3,500 ரூபாய் கொடுத்து வாங்கியதை லேமினேட் செய்து என்னிடம் பெருமையாகக் காட்டினார். என்ன சொல்ல!

சரி, உங்கள் கடனுக்கு வருவோம். தவணை தவறி 90 நாள் தாண்டினால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். உங்களுக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. இந்த வாரமே கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுங்கள். ஆர்டர் குறைந்த கணக்கு, வர வேண்டிய பாக்கி, மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை எழுதி, கடனைச் சீரமைக்கக் கேளுங்கள். நலிந்த சிறுதொழில்களுக்கு ரிசர்வ் வங்கியே இந்த வழியை வைத்திருக்கிறது. 10 லட்சத்துக்குள் இருக்கும் கடனுக்குக் கிளை மட்டத்திலேயே முடிவெடுக்கலாம். "மேலிடத்தில் கேட்க வேண்டும்" என்று இழுத்தால் இதைச் சொல்லுங்கள். நகலில் சீல் வாங்காமல் வெளியே வராதீர்கள். சீரமைப்பு தள்ளுபடி அல்ல. தவணை சிறிதாகும், காலம் நீளும்.

பெரிய கம்பெனிகள் ஜாப் ஒர்க் பணத்தை நிறுத்தி வைத்திருக்கின்றனவா? சட்டப்படி 45 நாளுக்குள் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தவறினால் வட்டியும் கேட்கலாம். ஒரு சிக்கல்: இது உத்யம் பதிவு உள்ளவர்களுக்கு. இன்று பதிந்துவிட்டு போன வருட பில்லுக்கு ஓட முடியாது. பதிவுக்கு முன் வேலை முடித்துக் கொடுத்த பில் என்றால் அதில் நம்பிக்கை வைக்காதீர்கள். பதிவுக்குப் பிறகு எடுக்கும் ஆர்டருக்குத்தான் அது பலம். அதனால்தான் பதிவை இன்றே செய்யச் சொல்கிறேன். புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயமும் எனக்குத் தெரியும். அதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை.

ஆட்களை நிறுத்தினால் ஈஎஸ்ஐ உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்பீர்கள். நான்கு பேர் பட்டறைக்கு ஈஎஸ்ஐ பொருந்தாது.

மாநில மானியக் கடன்கள் பற்றிக் கேட்க, சென்னைக்கான மாவட்டத் தொழில் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. வட சென்னையில் இத்தனை பட்டறை இருந்தும், மெஷினை நிறுத்திவிட்டு ஒரு நாள் கூலியை இழந்து அங்கே போய் நிற்க வேண்டியிருக்கிறது. புரோக்கர் பிழைப்பதே இந்தத் தூரத்தில்தான்.