குற்றத் தொடரில் பள்ளித் திடல்: கேள்வியும் பதிலும்

துப்பறியும் தொலைக்காட்சித் தொடர்களில் பள்ளித் திடல் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, அங்கே அது எதைக் குறிக்கிறது என்பதே இந்த முறை சிங்கப்பூர் வாசகர்களோடு பேசுபொருள். ஒரு வேண்டுகோளை முன்பே வைத்துவிடுகிறேன். காலியான ஊஞ்சல் என்றால் பறிபோன குழந்தைப் பருவம், சரிதானே ஐயா என்று கேட்பவர்களுக்குப் பதில் எழுத மாட்டேன். எழுதித்தான் தொலைப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

ஈசூன், உயர்நிலை 4 மாணவி: பள்ளித் திடல் களங்கமின்மையின் குறியீடு என்று கட்டுரையில் எழுதலாமா, ஐயா?

எழுதலாம் மகளே, மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் நீ இடைவேளையில் நிற்கும் திடலைக் கொஞ்சம் நினைத்துப் பார். எந்த மேசை யாருடையது, யாருக்காக யார் வரிசையில் இடம் பிடிக்க வேண்டும், யாரோடு யார் பேசக்கூடாது, ஆசிரியரிடம் கோள் சொன்னவன் கதி என்ன? இதில் களங்கமின்மை எந்த மூலையில் இருக்கிறது? எல்லை, படிநிலை, காட்டிக்கொடுத்தவனுக்குத் தண்டனை என்று குற்ற உலகம் நடத்தும் சட்டங்களைப் பிள்ளைகள் முதன்முதலில் பழகுவது அங்கேதான். நல்ல திரைக்கதை ஆசிரியர் திடலுக்குப் போவது அந்தச் சட்டங்களைத் தேடித்தான். ஊஞ்சலைத் தேடி அல்ல.

ஜூரோங் வாசகர்: நீங்கள் சொல்வதற்கு உருப்படியான எடுத்துக்காட்டு உண்டா?

உண்டு. 2006இல் வெளிவந்த ‘தி வயர்’ தொடரின் நான்காம் பருவம். கதை நடப்பது அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில். அதன் எழுத்தாளர்களுள் முக்கியமானவரான எட் பர்ன்ஸ், அந்நகரக் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்துவிட்டுப் பின்னர் அங்கேயே பள்ளி ஆசிரியரானவர். தெருவையும் வகுப்பறையையும் அவர் அடுத்தடுத்த வீடுகளாகப் பார்த்தது அதனால்தான்.

அதில் ராண்டி என்று ஒரு சிறுவன் வருகிறான். பள்ளிக்குள் மிட்டாய் விற்றுக் காசு சேர்ப்பவன். ‘இன்ன பெண் விளையாட்டுத் திடலில் உனக்காகக் காத்திருக்கிறாள் என்று போய்ச் சொல்’ என்று ஒருவனிடம் அவனைத் தூது அனுப்புகிறார்கள். அவனும் சொல்கிறான். அதைக் கேட்டுப் போனவன் உயிரோடு திரும்பவில்லை. பிறகு பள்ளியில் வேறொரு விவகாரத்தில் ராண்டி மாட்டிக்கொள்கிறான். தப்பிக்க வழி தெரியாமல், ஒரு கொலையைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று துணை முதல்வரிடம் வாய் திறக்கிறான். காவல்துறையின் அலட்சியத்தால் செய்தி வெளியே கசிகிறது. காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் அவன்மீது ஒட்டிக்கொள்கிறது. அடி விழுகிறது, வீட்டுக்குத் தீ வைக்கிறார்கள், வளர்ப்புத்தாய் தீக்காயத்தோடு மருத்துவமனைக்குப் போகிறாள், அவன் சிறுவர் இல்லத்தில் போய் விழுகிறான்.

பள்ளியின் விதி ‘உண்மையைச் சொல்’. திடலின் விதி ‘சொல்லாதே’. இரண்டு விதிகளும் ஒரே வேலிக்குள் இருக்கின்றன, பையனோ ஒருவன்தான். பள்ளித் திடல் ஒரு குற்றத் தொடரில் செய்யக்கூடிய ஆகப் பெரிய வேலை இதுவே என்பது என் எண்ணம். அதே பருவத்தில் முன்னாள் காவல் அதிகாரி ஒருவர் பிள்ளைகளைத் தெருவே கதியென்று கிடக்கும் தெருமுனைப் பிள்ளைகள், வீட்டு வாசலை விட்டு நகராத வாசற்படிப் பிள்ளைகள் என்று பிரித்துத் தனி வகுப்பு நடத்திப் பார்க்கிறார். குறியீடு பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். அங்கே ஊஞ்சல் இல்லை, அதனால்தானோ என்னவோ.

பொங்கோலில் வசிக்கும் தந்தை: என் மகனுக்கு 11 வயது. ‘அடோலசன்ஸ்’ தொடரைப் பார்க்க விடலாமா?

அது என் துறை இல்லை. முதலில் நீங்கள் பாருங்கள், பிறகு உங்கள் மனைவியிடம் கேளுங்கள்.

செங்காங் வாசகி: அதே தொடரின் பள்ளி அத்தியாயத்தில் தீயணைப்பு ஒத்திகை எதற்கு? கதைக்கு அது தேவையே இல்லையே.

நல்ல கேள்வி. 2025இல் வந்த தொடர் அது. நான்கு அத்தியாயங்கள், ஒவ்வொன்றும் வெட்டே இல்லாமல் ஒரே மூச்சில் எடுக்கப்பட்டது. வகுப்புத் தோழியைக் கொன்றதாக 13 வயதுச் சிறுவன் கைதாகிறான். இரண்டாம் அத்தியாயத்தில் துப்பறிவாளர்கள் அவன் பள்ளிக்குப் போகிறார்கள். எல்லாக் கதவும் அவர்களுக்குத் திறந்திருக்கிறது, ஒன்றும் விளங்குவதில்லை. இன்ஸ்டகிராமில் பிள்ளைகள் போட்டுக்கொண்ட இமோஜி என்ற சின்னப் படங்களின் பொருளை, அதே பள்ளியில் படிக்கும் தன் மகன் சொல்லித்தான் துப்பறிவாளர் தெரிந்துகொள்கிறார்.

ஒத்திகை மணி அடிக்கிறது. பள்ளி முழுவதும் வெளியே வந்து வரிசை கட்டுகிறது. பெரியவர்கள் எல்லாரையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற நேரம் அது. இறந்தவளின் தோழி ஒருவன்மீது பாய்ந்து அடிப்பது அப்போதுதான். எல்லாம் கண்முன் நடக்கிறது, முன்கூட்டி ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த முரணுக்காகத்தான் ஒத்திகை. முடிவில் கேமரா பள்ளியிலிருந்து மேலெழும்பி, பறந்தபடியே கொலை நடந்த இடத்தில் போய் இறங்குகிறது. நடுவில் வெட்டு இருந்திருந்தால் இது வேறு இடம், அது வேறு இடம் என்று நாம் தப்பித்திருப்போம்.

ஆகவே எல்லாருக்கும் சொல்கிறேன்: திடலை எழுதும்முன் அதை யார் பார்க்கிறார்கள் என்று எழுதுங்கள். ஆசிரியரா, பாதுகாவலரா, இன்னொரு பிள்ளையா? பார்ப்பவர் மாறினால் திடலின் பொருளும் மாறிவிடும்.

புக்கிட் பாத்தோக் வாசகர்: யாரும் இல்லாத ஊஞ்சல் தானாக ஆடினால் என்ன பொருள்?

காற்று அடிக்கிறது என்று பொருள்.

தெம்பனிஸ் வாசகர்: ஐயா, இதெல்லாம் நம் ஊருக்குப் பொருந்தாது. இங்கே பள்ளி வாயிலில் பாதுகாவலர், உள்ளே கண்காணிப்புக் கேமரா, யார் வந்தாலும் பெயர் பதிந்து அட்டை மாட்டிக்கொள்ள வேண்டும். நம் குற்றத் தொடரில் அந்த இடத்தைப் பிடிப்பது அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே திறந்து கிடக்கும் புளோக் கீழ்த்தளம்தான்.

பாதி ஒப்புக்கொள்கிறேன். கீழ்த்தளம் நம் கதைகளின் பெரிய சொத்து. ஒரு நாள் திருமணம், மறுநாள் இறப்பு வீடு, அதற்கு மறுநாள் பந்து விளையாடத் தடை என்ற பலகைக்குக் கீழேயே பந்து விளையாட்டு. ஆனால் பாதுகாவலரும் கேமராவும் திடலைக் கெடுத்துவிட்டன என்பது சரியில்லை. காவல் கூடினால் நாடகமும் கூடும்.

உட்லண்ட்ஸ், ஓய்வுபெற்ற ஒழுங்குமுறை ஆசிரியர்: தெம்பனிஸ் நண்பர் பள்ளியில் வேலை பார்த்ததில்லை போலும். கேமரா எங்கே பார்க்காது என்பது நிறுவியவருக்குத் தெரிவதற்கு முன்பே மாணவர்களுக்குத் தெரிந்துவிடும். படிக்கட்டுத் திருப்பம், உணவகத்தின் பின்புறம், உடற்பயிற்சிப் பொருள்கள் வைக்கும் அறை.

வணக்கம் ஐயா. இதை அப்படியே எடுத்துக் கதையில் போட்டுக்கொள்ளலாம்.

தெம்பனிஸ் வாசகர் மறுபடியும்: குழந்தைகளைக் குறிவைக்கும் கொலைகாரனைப் பற்றிய படங்களுக்கெல்லாம் முன்னோடி 1931இல் வந்த ஜெர்மானியப் படம் ‘எம்’. அது பள்ளியில் தொடங்கவில்லை, குடியிருப்பு முற்றத்தில்தான் தொடங்குகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

நல்ல சாட்சியைத்தான் கூட்டி வந்திருக்கிறீர்கள், ஆனால் அது எனக்காகப் பேசுகிறது. முற்றத்தில் பிள்ளைகள் வட்டமாக நின்று கொலைகாரனைப் பற்றிப் பாட்டுப் பாடி, ஒவ்வொருவராக ஆட்டத்திலிருந்து வெளியேற்றுகிறார்கள். மேலிருந்து ஒரு பெண் அதட்டுகிறாள். இன்னொரு தாயோ, பாட்டுக் கேட்கும்வரை பிள்ளைகள் பத்திரம் என்று தெரிகிறதே என்கிறாள். அந்த முற்றத்துக்கு வேலி தாய்மார்களின் காது. நம் கீழ்த்தளத்துக்கு அந்த வேலி ஏது? பன்னிரண்டாம் மாடிக்குக் கீழ்த்தளத்துப் பாட்டுக் கேட்குமா? அந்தத் தாயின் மகள் எல்ஸி காணாமல் போவதும் முற்றத்தில் இல்லை. பள்ளி விட்டு வீட்டுக்கு வரும் வழியில். அவள் கொலையைப் படம் காட்டுவதே இல்லை. உருண்டு வரும் பந்து, கம்பியில் சிக்கிய பலூன், மேசையில் காத்திருக்கும் தட்டு, அவ்வளவுதான்.

என் வாதம் இது. திடலுக்கு வாயில் உண்டு, கீழ்த்தளத்துக்குக் கிடையாது. எந்நேரமும் யாரும் வரலாம் என்பதால் கீழ்த்தளத்துக் கதையில் நாம் அந்நியனைச் சந்தேகிக்கிறோம். திடலில் வாயில் மூடியிருக்கிறது, வெளியாள் வர வழியில்லை. அப்படியென்றால் செய்தவன் உள்ளேயே இருக்கிறான், நாளைக் காலையும் வரிசையில் வந்து நிற்பான். நீங்கள் குறை சொன்ன பாதுகாவலரும் பெயர்ப் பதிவேடும்தான் இந்த அச்சத்தைத் தயாரித்துக் கொடுக்கின்றன. இரண்டும் இரண்டு வகைப் பயம். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்யாது.

தோ பாயோ வாசகி: டிராகன் விளையாட்டுத் திடலை இருவருமே மறந்துவிட்டீர்கள்!

மறக்கவில்லை அம்மா. தோ பாயோவின் அந்த டிராகன் வடிவத் திடல் கோர் இயன் கீ வடிவமைத்து 1979இல் வந்தது, நம் தலைமுறைக்குப் பிடித்தமானது. அதனாலேயே குற்றத் தொடரில் அதைக் காட்டினால் பார்ப்பவர் கதையை விட்டுவிட்டுத் தன் பிள்ளைப் பருவத்தை நினைக்கத் தொடங்கிவிடுவார்.

தெம்பனிஸ் வாசகர்: நீங்கள் வாயிலைப் பிடித்துக்கொண்டு...

மீதியை நீங்களும் உட்லண்ட்ஸ் ஆசிரியரும் தேக்காவில் ஒரு தேநீர் குடித்துக்கொண்டே பேசி முடியுங்கள். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கிளமெண்டி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: நம் பள்ளிக்கே உரிய ஒரு காட்சி சொல்லுங்கள், ஐயா.

காலை அணிவகுப்பு, தம்பி. கொடி ஏறுகிறது, தேசிய கீதம் முடிகிறது, வலக்கையை மடக்கி நெஞ்சில் வைத்து எல்லாரும் உறுதிமொழி சொல்கிறார்கள். அப்போதைய வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1966இல் எழுதிய வரைவிலிருந்து வந்த உறுதிமொழி. அந்த ஆயிரம் குரலில் ஒரு குரல் குற்றவாளியுடையது, அவன் ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை என்று எழுதிப் பார். காவல் அதிகாரியை நடுவில் பாய விடாதே, ஓரத்தில் நிற்க வை. அவரும் பழக்கத்தில் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோகலாம். பின்னணி இசை வேண்டாம். அந்த வரிசையில் ஒருவருக்கான இடைவெளி விட்டுக் காட்டலாமா என்று கேட்பாய். காட்டலாம், ஆனால் அதுவும் ஊஞ்சலின் தம்பிதான்.

சுவா சூ காங் வாசகர்: என் கதையில் கொலையாளிக்கு 9 வயது. நீதிமன்றக் காட்சி எப்படி எழுதுவது?

நான் வழக்கறிஞர் அல்லன். ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். குற்றப் பொறுப்பு ஏற்கும் வயதை 7இலிருந்து 10ஆக உயர்த்தும் திருத்தம் இங்கே 2019இல் நிறைவேறியது. நீதிமன்றக் காட்சி எழுதும்முன் விவரம் தெரிந்தவரைக் கேளுங்கள்.

ஹவ்காங் வாசகர்: ஊஞ்சல் உடைந்திருந்தால்?

நகர மன்றத்துக்குத் தெரிவியுங்கள்.

பாசிர் ரிஸ், குறும்பட இயக்குநர்: பள்ளியில் படப்பிடிப்புக்கு அனுமதி வாங்குவது எப்படி?

அந்தப் பள்ளியைத்தான் கேட்க வேண்டும். தேர்வு மாதத்தில் கேட்காதீர்கள், விடுமுறையைக் குறித்துக் கேளுங்கள். முழுத் திரைக்கதையையும் கொண்டுபோங்கள். கொலைக் காட்சியை மறைத்துவிட்டு அனுமதி வாங்கினால் அடுத்து வருகிற மாணவர் குழுவுக்குக் கதவு அடைபடும். கிடைக்காவிட்டால் வேலிக்கு வெளியே நின்று எழுதிக்கொள்ளுங்கள். பிள்ளையை அழைத்துப்போக வந்து பக்கவாயிலில் காத்திருக்கும் தாத்தா பார்ப்பது அந்த அளவுதான், அவர் கண்ணால் எழுதினால் அரைப் படம் பொதுச் சாலையிலேயே முடிந்துவிடும்.