ஒப்புவிப்பதும் பேசுவதும்

அன்புள்ள ஐயா,

மொரீசியஸில் பல்கலைக்கழக மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வீட்டில் கிரியோலும் (பிரெஞ்சை அடியாகக் கொண்ட மக்கள் மொழி) பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சுமாக வளர்ந்த அவர்களுக்குத் தமிழ் நடைமுறையில் அயல்மொழியே. எழுத்துத் தேர்வில் 80 மதிப்பெண் வாங்குபவர்கூடப் பேச்சுத் தேர்வில் மனப்பாட உரையைத் தாண்டி வாய் திறப்பதில்லை. பேச்சுத்திறனை எப்படி வளர்ப்பது, எப்படி மதிப்பிடுவது?

ஒரு விரிவுரையாளர், ரோஸ் ஹில்

அன்புள்ள நண்பருக்கு,

ஒப்புவித்தலுக்கு மதிப்பெண் தருகிற தேர்வுக்கு மாணவர்கள் ஒப்புவிக்கத்தான் தயாராவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளராக அமர்ந்திருந்தேன். தைப்பூசக் காவடியைப் பற்றி மூன்று நிமிடம் தடங்கலின்றி உரையாற்றிய மாணவியிடம், "நேத்து ராத்திரி என்னம்மா சாப்பிட்டே?" என்று கேட்டேன். விழித்தார். "நேற்று இரவு என்ன உண்டாய்?" என்றதும், "நான் சோறும் ரசமும் உண்டேன்" என்று உடனே பதில் வந்தது. கிரியோலில் அன்றாடம் 'ராசோன்' என்று ரசத்தைச் சொல்கிற நாக்குதான் அது.

அவரிடம் மொழி இருந்தது. பேச்சுவழக்கைத்தான் நாம் கொடுக்கவில்லை. இப்படி இரு வழக்குகள் பிரிந்து நிற்கும் நிலையைச் மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபெர்குசன் 1959இல் விளக்கியபோது காட்டிய நான்கு எடுத்துக்காட்டுகளில் ஹைத்தியின் பிரெஞ்சும் கிரியோலும் ஒன்று. அலுவலகத்தில் பிரெஞ்சும் சந்தையில் கிரியோலும் பேசிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பது கடினமல்ல. முதல் பருவத்திலேயே 'வந்திருக்கிறார்கள்' என்பதோடு 'வந்திருக்காங்க' என்பதையும் சொல்லிக்கொடுங்கள்.

வகுப்பில் பேசியே தீரவேண்டிய தேவை எழ வேண்டும். ஒருவரிடம் போர்ட் லூயிஸ் சந்தையில் வாங்கவேண்டிய காய்கறிப் பட்டியலையும் மற்றவரிடம் விலைகளையும் கொடுத்து, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல் 500 ரூபாய்க்குள் வாங்கி முடிக்கச் சொல்லுங்கள். பேரம் சூடுபிடிக்கும்போது வேற்றுமை உருபைத் திருத்தக் குறுக்கே புகவேண்டாம்; பிழைகளைக் குறித்துவைத்துப் பிறகு சொல்லலாம். (இந்த அடக்கம் எனக்கே எளிதில் வந்ததில்லை.)

மதிப்பீட்டுக்கு, 2001இல் வெளியான, மொழித்திறனை அளவிடும் ஐரோப்பிய மொழிச் சட்டகம் பேச்சில் பார்க்கச் சொல்லும் ஐந்து கூறுகள் உதவும்: மொழிவளம், பிழையின்மை, சரளம், ஊடாட்டம் (எதிரில் இருப்பவரோடு பேச்சைக் கொண்டும் கொடுத்தும் நடத்துவது), கோவை (கருத்துகள் ஒன்றோடொன்று இணைந்து வருவது). இவற்றுள் ஊடாட்டத்தை மட்டும் எந்த மனப்பாடத்தாலும் ஈடுகட்ட முடியாது. கேம்பிரிட்ஜின் ஆங்கிலப் பேச்சுத் தேர்வுகளில் பெரும்பாலும் இரு மாணவர்கள் சேர்ந்து அமர, ஒரு தேர்வாளர் பேச்சுக் கொடுக்கிறார், இன்னொரு தேர்வாளர் உரையாடலில் கலக்காமல் கேட்டு மதிப்பிடுகிறார். நீங்கள் ஒருவரே என்றால் கைப்பேசியில் பதிவுசெய்து பிறகு கேட்டு மதிப்பெண் இடுங்கள். வாயாடியோடு கூச்ச சுபாவியை இணைத்தால் இருவருக்கும் அநியாயம் என்பதால், ஜோடியை மாற்றி இரண்டாம் முறையும் பேசவிடுங்கள்.

உரையை அடியோடு நீக்கச் சொல்லவில்லை. இரண்டு நிமிடம் பேசட்டும். அதன்பின் சக மாணவர் கேட்கும் மூன்று கேள்விகளுக்குச் சொல்லும் பதிலுக்கே மதிப்பெண்ணில் பெரும்பகுதி போகட்டும்.