காதில் இயர்பட்ஸ், நெற்றிப்பொட்டில் வலி: கேள்வி பதில்

கம்பியில்லா இயர்பட்ஸால் வரும் தலைவலி, காது வலி, அடைப்பு ஆகியவை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பதினாறு ஆண்டுகளாகச் செவித்திறன் பரிசோதகராகப் பணிபுரிகிறேன். மருந்து எழுதிக் கொடுப்பது என் பணி இல்லை என்பதால், மருத்துவரிடம் போக வேண்டிய இடங்களில் அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: காலை பத்து மணிக்கு மாட்டும் இயர்பட்ஸை மதியச் சாப்பாட்டுக்குத்தான் கழற்றுகிறேன். பதினொன்றரை மணிவாக்கில் இடது நெற்றிப்பொட்டில் வலி தொடங்கிவிடுகிறது. காதில் மாட்டுகிற பொருளால் பொட்டில் எப்படி வலி வரும்? (மென்பொருள் ஊழியர், கோயம்புத்தூர்)

பதில்: இரண்டு இடத்துக்கும் நரம்பு ஒன்றுதான். முகத்தின் உணர்ச்சியைச் சுமக்கும் முப்பிரிவு நரம்பின் ஒரு கிளை காதுக்கு முன்னால் மேலேறிச் செல்கிறது. காதுத் துவாரத்தின் முன்சுவர், காதுமடலின் முன்பகுதி, பொட்டின் மேலுள்ள தோல் ஆகிய மூன்றுக்கும் அதுவே உணர்ச்சி தருகிறது. துவாரத்தின் சுவரை ஒன்றரை மணி நேரம் ஒரு பொருள் அழுத்திக்கொண்டே இருந்தால், அந்த வலி பொட்டில் தெரிவதில் வியப்பில்லை. ஒற்றைத் தலைவலியிலும் இந்த நரம்புக்கே முக்கியப் பங்கு உண்டு. அதனால் அந்தத் தொந்தரவு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு, மற்றவர்கள் பொருட்படுத்தாத சிறு அழுத்தமே வலியைக் கிளப்பிவிடக்கூடும்.

பெரியவர்களின் காதுத் துவாரம் ஏறத்தாழ 2.5 செ.மீ. நீளமுள்ளது, நேராக இல்லாமல் வளைந்து செல்வது. வெளிப்புறத்து மூன்றில் ஒரு பங்கு குருத்தெலும்பால் ஆனது. உள்ளே போகப்போக எலும்பின் மேல் மிக மெல்லிய தோல் மட்டுமே போர்த்தியிருக்கும். தாங்குவதற்குக் கொழுப்பு மெத்தை அங்கே கிடையாது. என்னிடம் வந்த தையல் ஆசிரியை ஒருவரின் காதை விளக்குக் கருவியால் பார்த்தபோது, துவாரத்தின் வாயில் இறுக்கமான வளையல் பதிந்ததைப் போன்ற ஒரு சிவந்த வட்டம் இருந்தது. அவர் கழற்றி மேசைமேல் வைத்திருந்த இயர்பட்ஸின் சிலிகோன் ரப்பர் விளிம்பும் அதே அளவில்தான் இருந்தது. ஐந்து கிராம்கூட இருக்காத பொருள் அது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். சுண்டுவிரலின் நுனியைக் காதுத் துவாரத்தில் மெதுவாக வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடினால், முன்சுவர் விரலில் முட்டி விலகுவது தெரியும். தாடை மூட்டு அதற்கு மிக அருகில் இருப்பதே காரணம். கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறீர்கள் என்றால், நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் அந்தச் சுவர் ரப்பரின்மேல் உரசிக்கொண்டிருக்கிறது. பாட்டுக் கேட்கும்போது வராத வலி பேசும்போது வருகிறது என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலி இடப்பக்கம் மட்டும் வருவதால், அந்தப் பக்கத்து ரப்பரை ஓர் அளவு சிறியதாக மாற்றுங்கள். ஒருவருக்கே இரண்டு காதும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெட்டியில் வரும் மூன்று அளவுகளில் வலதுக்கு ஒன்றும் இடதுக்கு வேறொன்றும் பொருத்திக்கொள்வதில் தவறில்லை. முக்கால் மணிக்கு ஒருமுறை கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காதுக்கு ஓய்வு கொடுங்கள். அடுத்த முறை வலி வரும்போது, கழற்றிய நேரத்தையும் வலி அடங்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் முற்றிலும் அடங்கிவிட்டால் அழுத்தமே காரணம் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அடங்கவில்லை என்றால் கழுத்தையோ கண்ணையோ ஒற்றைத் தலைவலியையோ சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: தலைக்கு மேல் பட்டை போட்ட ஹெட்ஃபோனுக்கு மாறினால் சரியாகிவிடுமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: காதுக்குள் அழுத்தம் போய்விடும், உச்சந்தலையிலும் காதைச் சுற்றியும் அழுத்தம் வந்து சேரலாம். ஹெல்மெட், நீச்சல் கண்ணாடி போன்றவற்றின் இறுக்கத்தால் வரும் தலைவலிக்கு, 2018ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டுத் தலைவலி வகைப்பாட்டில் தனி இடமே உண்டு. மூக்குக் கண்ணாடி அணிபவராக இருந்தால் அதன் காம்பு ஹெட்ஃபோன் மெத்தைக்கு அடியில் நசுங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அம்மா, நாய்ஸ் கேன்சலேஷனைப் போட்டவுடன் விமானம் இறங்கும்போது காது அடைப்பதுபோல் இருக்கிறது, லேசாகத் தலையும் சுற்றுகிறது. செவிப்பறைக்குக் கேடு ஏதும் வருமா? (வங்கி ஊழியர், சென்னை)

பதில்: செவிப்பறைக்கு அதனால் கேடு இல்லை. அந்த வசதி, வெளியிலுள்ள ஒலிவாங்கியால் இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே எழுப்பி இரண்டும் ஒன்றையொன்று தணிக்கும்படி செய்கிறது. மின்விசிறி, பேருந்து எஞ்சின் போன்றவற்றின் தாழ்ந்த ஓசையைத்தான் அது நன்றாக அடக்கும். காற்றழுத்தம் மாறிச் செவிப்பறை விறைக்கும்போதும் தாழ்ந்த ஓசைகளே முதலில் மங்கும் என்பதால், மூளை இதையும் அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். உங்கள் காதுக்குள் காற்றழுத்தம் உண்மையில் மாறுவதில்லை.

ஆனாலும் நீங்கள் உணரும் தொந்தரவு உண்மையானது. அமைதியான அறையில் அந்த வசதியை அணைத்துவிடுங்கள். அளவைக் குறைக்க முடியும் என்றால் குறையுங்கள். இயர்பட்ஸின் உடலில் உள்ள சிறு காற்றுத்துளையில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது அடைத்திருந்தால், மாட்டும்போது உள்ளே அமுங்கும் காற்று வெளியேற வழியின்றி உண்மையாகவே காதை அழுத்தும். இயர்பட்ஸைக் கழற்றிய பிறகும் தலைச்சுற்றல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: புளூடூத் கதிர்வீச்சுதான் தலைவலிக்குக் காரணம் என்று வாட்ஸ்ஆப்பில் வந்ததே, உண்மையா? (மதுரை)

பதில்: புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலான வானொலி அலையைப் பயன்படுத்துகிறது. இது அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரிக்கும் வகைக் கதிர்வீச்சைச் சேர்ந்ததன்று. இயர்பட்ஸ் வெளியிடும் ஆற்றலும் சில மில்லிவாட் அளவுதான். கைப்பேசியைக் காதில் ஒட்டிவைத்துப் பேசும்போது தலைக்குக் கிடைப்பது இதைவிடப் பொதுவாக அதிகம். அழுத்தம், ஒலியளவு, கழுத்தை வைத்திருக்கும் விதம் ஆகிய மூன்றையும் சரிசெய்து பார்க்காமல் இதன்மேல் பழி போடாதீர்கள்.

கேள்வி: நீட் பயிற்சிக்காக என் மகன் நாள் முழுவதும் இயர்பட்ஸில் பாடம் கேட்கிறான். தலை வலிக்கிறது என்று சிறிய ரப்பர் மாற்றினோம். இப்போது சத்தத்தைக் கூட்டி வைக்கிறான். என்ன செய்வது? (தாய், சேலம்)

பதில்: நீங்கள் கவனித்தது மிக முக்கியமானது. ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் குறையும். ஆனால் இடைவெளி வழியே தாழ்ந்த ஓசை கசிந்து வெளி இரைச்சல் உள்ளே வரும், கை தானாகவே ஒலியைக் கூட்டும். வலியிலிருந்து காதைக் காப்பாற்றப் போய்க் கேட்கும் திறனை அடகு வைப்பதாகிவிடக் கூடாது. நசுக்கினால் சுருங்கி, உள்ளே போனபின் துவாரத்தின் வடிவுக்கு விரியும் பஞ்சு நுனிகள் கிடைக்கின்றன. அவை சுவரை ஓரிடத்தில் மட்டும் அழுத்தாமல் பரவலாகப் பொருந்துவதால் பலருக்கு ஒத்துப்போகின்றன.

உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட அளவுகோலின்படி பெரியவர்களுக்கு வாரத்துக்கு 80 டெசிபலில் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம் என்பதே வரம்பு. ஒலி 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறைய வேண்டும். அந்தக் கணக்கில் 90 டெசிபலில் பெரியவர்களுக்கே வாரத்துக்கு 4 மணி நேரம்தான். பல கைப்பேசிகளின் அமைப்புகளில் ஒலியளவுக்கு உச்சவரம்பு வைக்க முடியும். அவனிடம் காரணத்தைச் சொல்லி, அவனோடு உட்கார்ந்து அதை வையுங்கள். வீட்டில் இருக்கும்போது பாடத்தை ஸ்பீக்கரில் கேட்கட்டும். அதற்காகத் தொலைக்காட்சியைச் சற்று நேரம் அணைத்து வைப்பது உங்கள் பங்கு. காதில் 'கொய்ங்' என்ற ஒலி இரவிலும் கேட்கிறது என்றால் செவித்திறன் பரிசோதனைக்கு அழைத்து வாருங்கள்.

கேள்வி: காது அடைத்திருக்கிறது. எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா? (தூத்துக்குடி)

பதில்: கூடாது. சூடான எண்ணெய் தோலைச் சுடும். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நடுக்காதுக்குள் இறங்கிவிடும். குறும்பி இயல்பாகவே மெல்ல வெளிப்பக்கம் நகர்ந்து உதிர்ந்துவிடக்கூடியது. இயர்பட்ஸ் அந்த வழியை மறிக்கிறது. பஞ்சுக் குச்சியும் ஹேர்பின்னும் அதை இன்னும் உள்ளே தள்ளுகின்றன. மருத்துவரிடம் காட்டி எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வலி வந்தால் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வேலையைத் தொடர்கிறேன். இப்போது தினமும் தேவைப்படுகிறது. (கால் சென்டர் ஊழியர், சென்னை)

பதில்: இதைப் படித்துக் கவலைப்பட்டேன். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களுக்கு மேல் தொடர்ந்தால், அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கச் செய்துவிடலாம். ஒன்றுக்கு மேற்பட்ட வலி மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரைகளுக்கு மாதத்தில் 10 நாளே போதும். நரம்பியல் மருத்துவரிடமோ பொது மருத்துவரிடமோ எத்தனை மாத்திரை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். ஒற்றைக் காதில் மாட்டும் ஹெட்செட்டாக இருந்தால், அதுவரை பக்கத்தை மாற்றி மாற்றி அணியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது, இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பேரன் வாங்கிக் கொடுத்த இயர்பட்ஸில் பக்திப் பாடல் கேட்பார். பத்து நாளாக வலது காதில் வலி. இரவில் தூங்க முடியவில்லை, தலையணையில் ஈரம் தெரிகிறது. இயர்பட்ஸை நிறுத்தினால் போதுமா? (தஞ்சாவூர்)

பதில்: போதாது. அடைத்து வைத்த காதில் வியர்வை தங்கினால் துவாரத்தின் தோலில் தொற்று வருவது வெயில் ஊர்களில் அடிக்கடி நடப்பதுதான். காதுமடலை இழுத்தால் வலி கூடுவது அதன் அடையாளம், சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் வயது முதிர்ந்த சர்க்கரை நோயாளிக்கு இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும் சீழும் இருந்தால், தொற்று மண்டை எலும்புக்குள் பரவுகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடாதீர்கள், காதில் தண்ணீர் படவிடாதீர்கள். கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவுச் சீட்டை எடுத்துக்கொண்டு, காது மூக்கு தொண்டைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அவரை இன்றே அழைத்துச் செல்லுங்கள்.