கணினி கேள்வி-பதில்: பதிப்பு மாறினால் ஓட்டை அடைபடுமா?

கேள்வி: எங்கள் மாங்கூழ் தொழிற்சாலையின் கொள்முதல் கணக்கு போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் ஓடுகிறது. பிஜி-அப்கிரேட் என்ற அதன் கருவி மூலம் 11-ஆம் பதிப்பிலிருந்து 16-க்கு மாறினோம். 'பப்ளிக் ஸ்கீமா பிரச்சினை 15-லேயே தீர்ந்துவிட்டது' என்கிறார் மென்பொருள்காரர். நம்பலாமா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: பாதிதான் சரி. டேபிள், ஃபங்ஷன்களை வைக்கும் பிரிவுதான் ஸ்கீமா. பழைய பதிப்புகளில் 'பப்ளிக்' என்ற பொதுப் பிரிவில் எந்த யூசரும் எதையும் உருவாக்கலாம். அதுதான் பிரச்சினை. 2022-ல் வந்த 15-ஆம் பதிப்பின் கட்டுப்பாடு, புதிதாக நிறுவும் சர்வருக்குத்தான். அப்கிரேட் செய்தால் பழைய அனுமதிகளும் கூடவே வந்துவிடும்.

சிவிஇ-2018-1058 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்) என்ற இந்த ஓட்டை வேலை செய்யும் விதம் இது. எடைமேடைப் பதிவுக்கான சாதாரண யூசர், பப்ளிக் ஸ்கீமாவில் 'லோயர்' என்ற பெயரில் ஒரு ஃபங்ஷன் எழுதி வைக்கிறார். ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தாக்கும் போஸ்ட்கிரெஸின் சொந்த லோயர், 'டெக்ஸ்ட்' என்ற எழுத்துத் தரவு வகையை வாங்கும். இவருடையது 'வார்கேர்' என்ற இன்னொரு எழுத்து வகையை. சப்ளையர் பெயர் வார்கேராக இருந்தால், வகை அப்படியே பொருந்துவதால் இவருடையதுதான் ஓடும். எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசராக நுழைந்த ஒருவர் லோயர் போட்ட குவரியை ஓட்டினால், ஃபங்ஷனுக்குள் இருக்கும் 'ஆல்டர் ரோல்' (யூசரின் அதிகாரத்தை மாற்றும் கட்டளை) அந்தச் சூப்பர்யூசருடைய அதிகாரத்திலேயே ஓடும். எடைமேடை யூசர் சூப்பர்யூசர் ஆகிவிடுவார். திரையில் எந்தப் பிழையும் காட்டாது.

போஸ்ட்கிரெஸின் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் 'பேக்ஸ்லாஷ் டிஎன் பிளஸ்' கொடுங்கள். பப்ளிக் வரிசையில், சமக்குறிக்கு முன்னால் பெயர் எதுவும் இல்லாமல் பின்னால் யு (பயன்படுத்த), சி (உருவாக்க) இரண்டும் இருந்தால் கதவு திறந்துதான் இருக்கிறது. முதலில் பப்ளிக்கில் ஏற்கெனவே உள்ள ஃபங்ஷன்களை, உரிமையாளர் பெயரோடு பாருங்கள். அனுமதியைப் பறித்தாலும் அவை அழியாது. பலர் தவறவிடுவது இதைத்தான். பிறகு, உருவாக்கும் அனுமதியைப் பறிக்க 'ரிவோக் கிரியேட் ஆன் ஸ்கீமா பப்ளிக் ஃப்ரம் பப்ளிக்' (முதல் பப்ளிக் ஸ்கீமாவின் பெயர், இரண்டாவது 'எல்லோரும்'). ஒவ்வொரு டேட்டாபேஸிலும் தனித்தனியாக ஓட்ட வேண்டும். டெம்ப்ளேட்1-ஐயும் விடாதீர்கள், புது டேட்டாபேஸ்கள் அதன் நகல்தான்.

ஓடும்போதே டேபிள் உருவாக்கும் ரிப்போர்ட்டுகள் இருந்தால் 'பெர்மிஷன் டினைடு ஃபார் ஸ்கீமா பப்ளிக்' என்று நின்றுவிடும். தற்காலிக டேபிள்களுக்குப் பாதிப்பில்லை. தேவைப்படும் யூசருக்குத் தனி ஸ்கீமா கொடுங்கள். மறுபடி எல்லோருக்கும் திறந்துவிடுவது சோம்பேறித்தனம். லாரி வரத்து உச்சத்தில் இருக்கும் ஜூனில் நேரடியாகக் கைவைக்காமல், பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிச் சோதித்துவிடுங்கள்.

'செக்யூரிட்டி டிஃபைனர்' ஃபங்ஷன்கள் (உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடுபவை) இருந்தால் ஒவ்வொன்றிலும் சர்ச்-பாத்தை, அதாவது ஸ்கீமாக்களைத் தேடும் வரிசையை, நிலையாக எழுதி, தற்காலிக ஸ்கீமாவான பிஜி-டெம்ப்பைக் கடைசியில் வையுங்கள். அவற்றை இயக்கும் அனுமதி இயல்பாகவே எல்லோருக்கும் இருக்கும். அதையும் பறிக்க வேண்டும்.

கேள்வி: கல்லூரி லேபில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் 5.7 பதிப்பு. மாணவர்கள் எல்லோருக்கும் முழு சர்வருக்கும் 'கிராண்ட் ஆல்' (எல்லா அனுமதியும்) கொடுத்திருக்கிறோம். ஆபத்தா?
- வாசகர், தர்மபுரி

பதில்: ஆபத்துதான். அதில் ஃபைல் (சர்வரின் கோப்புகளைப் படிக்க, எழுத), சூப்பர் (சர்வர் அமைப்புகளை மாற்ற) அனுமதிகளும் அடக்கம். லாக் எழுதுவதாகச் சொல்லி மை.சிஎன்எஃப் என்ற அமைப்புக் கோப்பிலேயே வரி சேர்த்து, ரூட்டாக (கணினியின் முழு அதிகாரத்தோடு) ஓடும் மைஎஸ்கியூஎல்டி-சேஃப் என்ற தொடக்க நிரல் வழியே சர்வரைப் பிடிக்கும் ஓட்டை (சிவிஇ-2016-6662) 5.7.15-ல்தான் அடைபட்டது. 5.7-க்கான ஆதரவும் 2023-ல் முடிந்துவிட்டது, 8.4-க்கு மாறுங்கள். மாணவருக்கு ஒரு டேட்டாபேஸ் பிரித்து, அதன்மேல் மட்டும் 'கிராண்ட் ஆல்' கொடுத்தால் போதும். ஃபைல் அனுமதி சர்வர் அளவிலானது என்பதால் அதில் சேராது.