ரிங்கில் இருவர், வங்கியில் ஒருவரா?

கேள்வி: என் மகனுக்கு 26 வயது. நண்பனுடன் சேர்ந்து புளோரிடாவில் மூன்று ஆண்டுகளாக டேக் டீம் மல்யுத்தம் (இருவர் ஓர் அணியாக மோதுவது) செய்கிறான். வார இறுதி நிகழ்ச்சிகளில் கிடைக்கும் பணமும் டி-ஷர்ட் விற்ற பணமும் நண்பனின் கணக்கில்தான் விழுகின்றன. கேட்டால், "அவன் எனக்கு அண்ணன் மாதிரி, அம்மா" என்கிறான். இப்போது ஒரு பெரிய நிறுவனம் இருவரையும் ஒப்பந்தத்துக்கு அழைத்திருக்கிறது. எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு தாய், நியூ ஜெர்சி

பதில்: அண்ணன் மாதிரியே இருக்கட்டும். கூடப்பிறந்த அண்ணன் தம்பிகளே பாகப்பிரிவினைக்குப் பத்திரம் எழுதிக்கொள்கிறார்கள், அம்மா.

சம்பளத்தைவிட முதலில் பாருங்கள், அணியின் பெயர் யாருடையது என்று. 'டட்லி பாய்ஸ்' என்ற இருவர் அணியின் கதை உங்கள் மகனுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். பப்பா ரேயும் டி-வானும் இசிடபிள்யூ என்ற மல்யுத்த நிறுவனத்தில் அந்தப் பெயரை ஊரறியச் செய்துவிட்டு, 1999-இல் இன்றைய டபிள்யூடபிள்யூஈ நிறுவனத்துக்குச் சென்றார்கள். பின்னாளில் இசிடபிள்யூவின் சொத்துகளோடு அந்தப் பெயரும் அதே நிறுவனத்தின் கைக்குப் போனது. 2005-இல் வெளியே வந்தவர்களால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. டிஎன்ஏ என்ற இன்னொரு மல்யுத்த நிறுவனத்தில் 'டீம் 3டி' ஆனார்கள். 2015-இல் திரும்பிப் போன பிறகே பழைய பெயரில் மேடையேறினார்கள். உடம்பு அவர்களுடையது, பெயர் வேறொருவருடையது.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால், இருவரும் சம பங்காளிகளாக ஓர் எல்எல்சி (பங்காளிகளின் கடன் பொறுப்புக்கு வரம்புள்ள நிறுவனம்) தொடங்கி, அதன் பெயரில் வணிகமுத்திரைக்கு விண்ணப்பிக்கட்டும். நிறுவனம் புதுப் பெயர் வைத்தால் வைக்கட்டும்; பழையது வீட்டில் இருக்கும். ஒப்பந்தத்தில் பெயர் குறித்த பிரிவை மட்டும் தனியாக ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். அந்தக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

எழுத்தில் எதுவும் இல்லாவிட்டாலும், அமெரிக்கச் சட்டத்தின் பார்வையில் இவர்கள் இப்போதே கூட்டு வியாபாரிகள்தான். நண்பன் சட்டை அச்சடித்த கடனைக் கட்டாவிட்டால் அச்சகத்தார் உங்கள் மகனிடமும் வரலாம். வரியும் அப்படித்தான்: பணம் யார் கணக்கில் விழுந்தாலும் மகனின் பங்குக்கு மகனே கணக்குக் காட்ட வேண்டும். வருமான வரி போக, சுயதொழில் வரி மட்டும் 15.3 சதவீதம், ஆண்டில் நிகர வருமானம் 400 டாலரைத் தொட்டாலே அது வந்துவிடும். கையில் வரும் ஒவ்வொரு 100 டாலரிலும் 30-ஐ வேறு கணக்கில் ஒதுக்கச் சொல்லுங்கள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது காயம். 2022 மார்ச்சில் மல்யுத்த வீரர் பிக் ஈ-க்குக் கழுத்தெலும்பு முறிந்தது. அவருடைய 'நியூ டே' மூவர் அணி என்பதால் கோஃபி கிங்ஸ்டனும் சேவியர் வுட்ஸும் தொடர்ந்து ஆடினார்கள். உங்கள் மகனின் அணியில் மூன்றாமவர் இல்லை. ஒருவர் படுத்தால் இருவருக்கும் வரும்படி நிற்கும். இந்தத் தொழிலைச் சொன்னால் ஊனக் காப்பீட்டின் பிரீமியம் எகிறும், சில நிறுவனங்கள் தரவே தரா. மறைத்து வாங்கினால் இழப்பீடு கேட்கும் நாளில் கதவை மூடுவார்கள். உண்மையைச் சொல்லியே விசாரியுங்கள். கிடைக்காவிட்டால், ஓராண்டுச் செலவுக்கான பணம் சேமிப்பில் சேரும்வரை புது வண்டி, பெரிய வீடு எதுவும் வேண்டாம். ஓய்வூதியக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

எல்எல்சி வேலை சில வாரங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்காமல், இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து, வண்டி டிக்கியில் கிடக்கும் சட்டைகளை எண்ணி, விற்றது எத்தனை, மிச்சம் எத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி, இருவருமே கையெழுத்திடட்டும்.